தாய்லாந்து நீதிமன்றத்தில் ஒரு குற்ற வழக்கு: மேற்கத்திய முறைகளிலிருந்து எங்கே விலகுகிறது?

ஜூரி கிடையாது. சாட்சி சொன்னது வார்த்தைக்கு வார்த்தை பதிவாவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை பாதியாகிறது. விடுதலை என்று தீர்ப்பு வந்த பிறகும் சிலர் சிறையிலேயே இருக்கிறார்கள். தாய்லாந்து வழக்குச் செய்திகளைப் படிப்பவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, அங்கே நடப்பது எந்த வகை முறை, மேற்கத்திய நீதிமன்றங்களிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று கேட்கிறார்கள்.

முதலில் ஒரு திருத்தம். ‘மேற்கத்திய முறை’ என்று ஒன்று இல்லை. லண்டனும் பாரிஸும் தமக்குள் வேறுபடும் அளவுக்கு பாங்காக் இந்த இரண்டிலிருந்தும் வேறுபடுவதில்லை. தாய்லாந்து முறையே இந்த இரண்டையும் கலந்து செய்ததுதான். 1855 பௌரிங் ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் குடிமக்களும், அடுத்தடுத்த ஒப்பந்தங்களால் பிற ஐரோப்பியர்களும் சியாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) நீதிமன்றங்களின் அதிகாரத்துக்கு வெளியே இருந்தார்கள். அந்த இழிவை நீக்க வேண்டுமானால் ஐரோப்பியர்கள் ஏற்றுக்கொள்ளும்படியான சட்டத்தொகுப்பு வேண்டும். 1908 தண்டனைச் சட்டத்தின் வரைவில் பிரெஞ்சு ஆலோசகர் ஜார்ஜ் பாதூவின் கை பெரிது. ஆனால் 1897இல் சட்டப் பள்ளியைத் தொடங்கிய இளவரசர் ராட்சபுரி ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். அவர் வழியாகவும், பின்னால் இங்கிலாந்தில் பாரிஸ்டர் படித்துத் திரும்பியவர்கள் வழியாகவும் சாட்சி விசாரணை முறை ஆங்கிலச் சாயலில் அமைந்தது. 1934இல் இயற்றி 1935இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் பல திருத்தங்களோடு இன்றும் ஆள்கிறது.

ஆக, கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் இங்கிலாந்து மாதிரி இருக்கும்: அரசு வழக்கறிஞர் முதலில் சாட்சிகளை விசாரிப்பார், எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும், பிறகு மறுவிசாரணை. ஆனால் முடிவெடுப்பது முழுக்க முழுக்கத் தொழில்முறை நீதிபதிகள். அவர்கள் முன்னால் கடைசியில் இருப்பது காகிதம். வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்திலிருந்து கிளம்புகின்றன.

கைதிலிருந்து தொடங்குவோம். காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்த நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை போலீஸ் வைத்திருக்கலாம். அதற்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்க் காவல் நீட்டிப்பு கேட்க வேண்டும். தாய்லாந்து மொழியில் இதை ‘ஃபாக் காங்’ என்பார்கள். எத்தனை நாள் கிடைக்கும் என்பது குற்றத்தின் அதிகபட்சத் தண்டனையைப் பொறுத்தது. 6 மாதத்துக்கு மேற்படாத சிறை என்றால் ஒரே முறை, 7 நாள். 6 மாதத்துக்கு மேல், 10 ஆண்டுக்குக் கீழ் என்றால் ஒரு தடவைக்கு 12 நாள் வீதம் மொத்தம் 48 நாள். 10 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் அதே 12 நாள் வீதம் மொத்தம் 84 நாள், அதாவது ஏழு நீட்டிப்பு. சிறு வழக்குகளைப் பார்க்கும் குவெங் நீதிமன்றத்துக்கு (3 ஆண்டுச் சிறை அல்லது 60,000 பாத் அபராதத்துக்கு மேற்படாத குற்றங்கள்) தனிக் கணக்கு: 48 மணி நேரத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும், முடியாவிட்டால் 6 நாள் வீதம் ஐந்து முறை நீட்டிக்கலாம். வரம்பு முடிந்தும் வழக்குத் தாக்கலாகவில்லை என்றால் ஆளை விட்டுவிட வேண்டும். ஆனால் வழக்கு செத்துவிட்டது என்று பொருளில்லை. புலனாய்வு தொடரும், பிறகு தாக்கல் செய்யலாம். கதவு திறந்ததுமே தப்பித்துவிட்டோம் என்று நம்புகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இதை மேற்கோடு ஒப்பிடும்போது எந்தக் கட்டத்தை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் குற்றச்சாட்டு பதியாமல் வைத்திருக்கச் சாதாரணமாக 24 மணி நேரம், கடுமையான குற்றங்களுக்கு மாஜிஸ்திரேட் அனுமதியோடு அதிகபட்சம் 96 மணி நேரம். தாய்லாந்தின் 84 நாள் காவலும் வழக்குத் தாக்கலாவதற்கு முன்புதான். பிரான்ஸில் போலீஸ் காவல் சாதாரணமாக 24 மணி நேரம், இன்னொரு 24 நீட்டிப்பு. ஆனால் அதன் பிறகு புலனாய்வு நீதிபதியின் விசாரணை நடக்கும்போது மாதக்கணக்கில் சிறையில் இருக்க நேரலாம். ஜெர்மனியிலும் கைதான மறுநாள் முடிவதற்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும், பிறகு விசாரணைக் காவல் ஆறு மாதம் வரை போகலாம். ஆகவே நாள் கணக்கில் தாய்லாந்து ஐரோப்பாவை ஒட்டித்தான் இருக்கிறது. வேறுபாடு எங்கே என்றால், அந்த நாட்களில் புலனாய்வை நடத்துவது யார் என்பதில். பிரெஞ்சுப் புலனாய்வு நீதிபதி போன்ற ஒருவர் தாய்லாந்தில் இல்லை. போலீஸ் விசாரணை அதிகாரியே சாட்சிகளை விசாரித்து, கோப்பைக் கட்டி, ‘வழக்குத் தொடரலாம்’ அல்லது ‘வேண்டாம்’ என்ற தன் கருத்தோடு அரசு வழக்கறிஞருக்கு அனுப்புகிறார். அரசு வழக்கறிஞர் பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார். கூடுதல் விசாரணை வேண்டும் என்றால் போலீஸிடம்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.

அடுத்தது ஒப்புதல் வாக்குமூலம். இதில் சட்டம் ஒரு விநோதமான கோடு போட்டிருக்கிறது. கைது செய்த போலீஸ்காரரிடம் ‘நான்தான் செய்தேன்’ என்று சொன்னால் அது சாட்சியமாக எடுபடாது. அதே வாக்கியத்தை நிலையத்தில் விசாரணை அதிகாரியிடம், பேசாமலிருக்கும் உரிமையும் வழக்கறிஞர் உரிமையும் எடுத்துச் சொல்லப்பட்ட பிறகு சொன்னால் எடுபடும். தாய்லாந்து மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரை அரசே தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் கையெழுத்து போடும் காகிதம் தாய்லாந்து மொழியில்தான் இருக்கும். எல்லாம் கெடுவது அந்தக் கையெழுத்தில். மொழிபெயர்ப்பாளர் வாய்மொழியாகச் சுருக்கிச் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்றால், அதை மெய்ப்பிக்கும் சுமை நடைமுறையில் அவர் தலையில் விழுகிறது.

2014இல் கோ தாவ் தீவில் இரண்டு பிரிட்டிஷ் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்ட வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கைதான இரண்டு பர்மியத் தொழிலாளர்கள் போலீஸில் ஒப்புக்கொண்டார்கள். கடற்கரையில் ஊடகங்கள் முன்னால் குற்றத்தை நடித்துக் காட்டும்படி அழைத்துப்போகப்பட்டார்கள். பிறகு அடித்து வாங்கிய வாக்குமூலம் என்று மறுத்தார்கள். கோ சாமுய் நீதிமன்றம் 2015 டிசம்பர் 24 அன்று மரண தண்டனை விதித்தபோது பெரிதும் சாய்ந்து நின்றது மரபணுச் சான்றில். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 2020இல் அரச மன்னிப்பால் ஆயுள் தண்டனையானது. நடித்துக் காட்டுவது தாய்லாந்துக்கே உரியது என்று பிரிட்டிஷ் வாசகர்கள் நினைத்தார்கள். பிரான்ஸிலும் அது உண்டு. ஆனால் அங்கே புலனாய்வு நீதிபதியின் முன்னிலையில், இரு தரப்பு வழக்கறிஞர்களோடு, உண்மையைச் சோதிக்க நடப்பது. தாய்லாந்தில் அது ஒப்புதலுக்குப் பிறகு போலீஸ் கோப்புக்கு ஒரு படத்தொகுப்பு சேர்க்கும் வேலை. கேமராக்களுக்கு முன்னால் நடப்பதால், விசாரணை தொடங்கும் முன்பே ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன கிடைக்கும்? அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் பேரம் பேசி ஒப்புக்கொண்டவர்கள்தான். தாய்லாந்தில் அப்படி அரசு வழக்கறிஞரோடு குற்றச்சாட்டையே பேரம் பேசும் முறை இல்லை. ‘கொலையைக் கைவிட்டு மரணம் விளைவித்தல் என்று மாற்றுங்கள், ஒப்புக்கொள்கிறேன்’ என்பதற்கு இடமில்லை. அதற்குப் பதிலாகத் தண்டனைச் சட்டத்தின் 78ஆம் பிரிவு இருக்கிறது: தண்டனையைக் குறைக்கத்தக்க சூழ்நிலை இருந்தால் நீதிபதி பாதி வரை குறைக்கலாம். நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்வது அப்படிப்பட்ட சூழ்நிலை. பழக்கத்தில் இது கிட்டத்தட்டத் தானாகவே பாதியாகிவிடுகிறது. இங்கிலாந்தில் முதல் வாய்ப்பிலேயே ஒப்புக்கொண்டால் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு குறைப்பு. தாய்லாந்து அதைவிடத் தாராளம். ஒரு தடை மட்டும் உண்டு. குறைந்தபட்சத் தண்டனையே 5 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றமானால், ஒப்புக்கொண்டாலும் நீதிமன்றம் சாட்சியம் கேட்டு, இவர்தான் செய்தார் என்று நிறைவடைந்த பிறகே தண்டிக்கலாம். வெறும் ஒப்புதலை வைத்து ஒருவரை நீண்டகாலம் உள்ளே தள்ளக் கூடாது என்ற இந்த விதி, ஆங்கில முறையில் இல்லாத ஒரு நல்ல பூட்டு என்பது என் கருத்து.

சிறு குற்றங்களில் இந்தப் பாதி என்னும் கணக்கு மின்னல் வேகத்தில் நடக்கும். இரவில் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர் ஒப்புக்கொண்டால் அடுத்த நாளே குவெங் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவார், ஒற்றை நீதிபதி, சில நிமிடம், அபராதம், நிறுத்திவைத்த சிறைத் தண்டனை, மாலையில் வெளியே. மறுத்தாலோ வழக்கு மாதக்கணக்கில் இழுக்கும். குற்றம் செய்யாதவருக்கும் ஒப்புக்கொள்ளச் சொல்லும் அறிவுரை கிடைப்பது இதனால்தான்.

இனி, மேற்கில் இருந்து வருபவர்களை மிகவும் வியக்க வைக்கும் பகுதி: பாதிக்கப்பட்டவரே குற்ற வழக்குத் தொடரலாம். போலீஸோ அரசு வழக்கறிஞரோ தேவையில்லை. நேராக நீதிமன்றத்தில் மனு. அமெரிக்கக் கூட்டாட்சி முறையில் இது கிடையவே கிடையாது. இங்கிலாந்தில் உண்டு, ஆனால் அங்கே அரசுத் தரப்பு வழக்கைத் தன் கையில் எடுத்து நிறுத்திவிட முடியும். தாய்லாந்தில் வழக்குகளைச் சலிக்கும் சல்லடை, நீதிமன்றத்தின் முன்விசாரணைதான். தனியார் வழக்கில் இது கட்டாயம். அரசு வழக்கறிஞர் தொடுத்தால் நீதிமன்றம் விரும்பினால் மட்டும். இந்தக் கட்டத்தில் எதிராளி இன்னும் ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ ஆகவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்க மாட்டார்கள். அவர் நேரில் வராமல் வழக்கறிஞரை அனுப்பி மனுதாரரின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். வழக்கு ஏற்கப்பட்ட பிறகுதான் நேரில் வரவும் ஜாமீன் எடுக்கவும் வேண்டும். மனுதாரர் முன்விசாரணை நாளில் வராவிட்டால் மனு தள்ளுபடி. தகுந்த காரணத்தோடு மீண்டும் கேட்க 15 நாள் உண்டு.

இந்த வசதியின் இருட்டுப் பக்கம் அவதூறு வழக்குகள். தாய்லாந்தில் அவதூறு இன்னும் சிறைக் குற்றம்: சாதாரணமாக 1 ஆண்டு வரை, வெளியீடு மூலம் என்றால் 2 ஆண்டு வரை, 200,000 பாத் வரை அபராதம். நிறுவனங்கள் தொழிலாளர் உரிமை ஆர்வலர்கள்மீதும் பத்திரிகையாளர்கள்மீதும் தொலைதூர மாகாண நீதிமன்றங்களில் வழக்குப் போடுவது ஒரு வழக்கமாகவே ஆனது. 2019இல் 161/1 என்ற பிரிவு சேர்ந்தது: கெட்ட நோக்கத்தோடு, துன்புறுத்தவே தொடுத்தது என்று தெரிந்தால் நீதிமன்றம் தானே தள்ளலாம், அதே வழக்கை மறுபடி போட முடியாது. நல்ல விதிதான், ஆனால் அரசு வழக்கறிஞர் தொடுக்கும் வழக்குக்கு இது பொருந்தாது. ஆகவே துன்புறுத்த நினைப்பவர் போலீஸில் புகார் கொடுத்து அந்த வழியாக வந்துவிடலாம்.

அவதூறு, சாதாரண ஏமாற்று போன்றவை சமரசத்துக்கு உட்பட்ட குற்றங்கள். குற்றமும் செய்தவரும் தெரிந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்காவிட்டால் உரிமை போய்விடும். சமரசமாகிப் புகாரைத் திரும்பப் பெற்றால், தீர்ப்பு இறுதியாகும் முன் எந்தக் கட்டத்திலும் வழக்கு முடியும். பாதிக்கப்பட்டவர் அரசு வழக்கில் இணை வாதியாகவும் சேரலாம். குற்ற வழக்கிலேயே நஷ்டஈடும் கேட்கலாம், தனிக் கட்டணம் இல்லை. ஆனால் சாட்சி விசாரணை தொடங்கும் முன் மனு கொடுத்திருக்க வேண்டும். முதல் சாட்சி ஏறிய பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை, தனியாக உரிமையியல் வழக்குத்தான். ஆங்கில நீதிமன்றங்களில் பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி. பிரான்ஸில் அவர் ஒரு தரப்பு. இதில் தாய்லாந்து பாரிஸின் பக்கம்.

விசாரணைக் கூடத்துக்குள் போவோம். முதல்நிலை நீதிமன்றத்தில் சாதாரணமாக இரண்டு நீதிபதிகள், மேலே மூன்று. எல்லாரும் தேர்வெழுதிப் பணிக்கு வந்தவர்கள். சட்டப் பட்டத்துக்கு மேல் தாய்லாந்து வழக்கறிஞர் (பார்) கழகத்தின் ‘நேதிபண்டித்’ தகுதியும், 25 வயதும், சட்டப் பணி அனுபவமும் வேண்டும். இளையோர் நீதிமன்றம் போன்ற சிலவற்றில் மட்டும் துணை நீதிபதிகளாகப் பொதுமக்கள் அமர்வார்கள். இங்கிலாந்தின் 12 ஜூரர்களோ பிரெஞ்சு அசீஸ் நீதிமன்றத்தில் நீதிபதிகளோடு அமரும் குடிமக்களோ இங்கே கிடையாது.

சாட்சி பேசுகிறார். வழக்கறிஞர் கேட்கிறார். சற்று நேரம் கழித்து நீதிபதி ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து, அதுவரை சொன்னதைத் தன் வாக்கியத்தில் சுருக்கிச் சொல்கிறார். எழுத்தர் அதைத் தட்டச்சு செய்கிறார். கடைசியில் படித்துக் காட்டி, சாட்சியும் வழக்கறிஞர்களும் கையெழுத்திடுகிறார்கள். அந்தச் சுருக்கம்தான் பதிவு. மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்ப்பதும் அதையே. நேரடிப் பதிவு முறைகள் இப்போது மெல்ல நுழைகின்றன, என்றாலும் பழக்கம் பெரும்பாலும் இதுதான். அமெரிக்க வழக்கறிஞர் பத்துக் கேள்வியில் சாட்சியைத் திணறடிப்பார். அந்தத் திணறலை ஜூரி கண்ணால் பார்க்கும். தாய்லாந்தில் அந்தத் திணறல் காகிதத்தில், ‘சாட்சிக்குச் சரியாக நினைவில்லை’ என்ற ஒரு வரியாகத் தேய்ந்துவிடும். ஆகவே அங்கே நல்ல வழக்கறிஞரின் திறமை நாடகத்தில் இல்லை. நீதிபதி சுருக்கிச் சொல்லும்போது கூர்ந்து கேட்டு, விடுபட்டதை உடனே எழுந்து சொல்லிச் சேர்க்க வைப்பதில்தான். கையெழுத்தான பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

சாட்சியப் பட்டியலை, சாட்சியங்களைச் சரிபார்க்கும் நாளுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே கொடுக்க வேண்டும். அரசுத் தரப்பு தன்னிடம் உள்ளதை, எதிராளிக்கு உதவுவதையும் சேர்த்து, காட்டியாக வேண்டும் என்ற ஆங்கில, அமெரிக்கக் கடமைக்கு இணையான பொதுவிதி தாய்லாந்தில் இல்லை. போலீஸ் கோப்பை நீதிமன்றம் வரவழைத்துப் பார்க்கலாம், தானாகவே சாட்சிகளைக் கூப்பிடலாம். சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஆங்கிலப் பழக்கத்தில் ஊறிய நீதிபதிகள் பெரும்பாலும் நடுவர் போலவே அமர்ந்திருக்கிறார்கள். ஐரோப்பிய நீதிபதியின் தேடலும் இல்லை, ஆங்கில ஜூரியின் பார்வையும் இல்லை. இந்தக் கலவையின் பலவீனமான இடம் இதுவே.

கடுமையான வழக்குகளில் தீர்ப்பு வரைவை மண்டலத் தலைமை நீதிபதி அலுவலகம் பார்வையிடும் பழக்கமும் உண்டு. 2019 அக்டோபரில் யாலா நீதிமன்ற நீதிபதி ஒருவர், கொலை வழக்கில் ஐந்து பேரை விடுவித்துத் தீர்ப்பு படித்துவிட்டுக் கூடத்திலேயே தன்னைச் சுட்டுக்கொண்டதும், மேலிடத்துத் தலையீடு என்று அவர் எழுதிவைத்ததும் இந்தப் பழக்கத்தை நாடு முழுக்கப் பேச வைத்தன.

தண்டனைக் கணக்கு செய்தித் தலைப்புகளில் வேடிக்கையாகத் தெரியும். 2017இல் ஒரு நிதி மோசடிக்காரருக்கு 13,275 ஆண்டு. ஒப்புக்கொண்டதால் பாதியாக 6,637 ஆண்டு. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு குற்றம் என்று கூட்டுவதால் வரும் தொகை இது. ஆனால் எவ்வளவு கூட்டினாலும் உச்சவரம்பு உண்டு: மிகக் கடுமையான குற்றத்தின் அதிகபட்சம் 3 ஆண்டுக்கு மேற்படாவிட்டால் மொத்தம் 10 ஆண்டு, 3க்கு மேல் 10 வரை என்றால் 20 ஆண்டு, 10க்கு மேல் என்றால் 50 ஆண்டு. அந்த மனிதருக்கு உண்மையில் 20 ஆண்டுதான் உச்சம். அமெரிக்காவில் 150 ஆண்டு என்றால் சாகும்வரை சிறை என்றே பொருள்.

விடுதலைத் தீர்ப்பின் கதை வேறு. அமெரிக்காவில் ஜூரி விடுவித்தால் அத்தோடு முடிந்தது, அரசு மேல்முறையீடு செய்ய முடியாது. இங்கிலாந்திலும் சில விதிவிலக்குகளைத் தவிர அப்படியே. தாய்லாந்தில் அரசு வழக்கறிஞர் விடுதலையை எதிர்த்து ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம், ஐரோப்பாவில் பல நாடுகளில் போலவே. ஆனால் ஒரு படி மேலே போய், விடுவித்த நீதிமன்றமே ‘மேல்முறையீடு முடியும்வரை காவலில் வை’ என்று உத்தரவிடலாம். போதைப்பொருள் வழக்குகளில் இது அரிதல்ல. மரண, ஆயுள் தண்டனைகளை யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டாலும் கோப்பை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்பது இதற்கு மறுபக்கம்.

கடைசியாக, ஆள் நேரில் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். தீர்ப்பு நாளில் வராவிட்டால் பிடியாணை; ஒரு மாதத்தில் பிடிக்க முடியாவிட்டால் இல்லாமலே படிக்கலாம். 2017இல் முன்னாள் பிரதமர் யிங்லக் ஆகஸ்ட் 25 அன்று வராததால் செப்டம்பர் 27 அன்று தீர்ப்பு படிக்கப்பட்டதும் இப்படித்தான். வெளியே இருக்கும் ஒருவர் சிறைத் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டுமானாலும் நேரில் வந்தாக வேண்டும்.

இந்தப் பிடிவாதம் காலவரம்போடு சேரும்போதுதான் பெரிய ஓட்டை விழுகிறது. இங்கிலாந்தில் கடுமையான குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை. ஜெர்மனியில் கொலைக்கு இல்லை. தாய்லாந்தில் கொலைக்கும் 20 ஆண்டுதான், அதற்குள் வழக்குப் போட்டால் மட்டும் போதாது, ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்தும் நிறுத்த வேண்டும். 2004 அக்டோபர் 25 அன்று தெற்கே தாக் பை என்ற ஊரில் போராட்டக்காரர்களை இராணுவ லாரிகளில் அடுக்கி ஏற்றியதில் 78 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அரசு வழக்குத் தொடராத நிலையில் குடும்பங்களே வழக்குப் போட்டன; 2024 ஆகஸ்டில் நராதிவாட் நீதிமன்றம் முன்விசாரணை முடித்து ஏழு முன்னாள் அதிகாரிகள்மீது வழக்கை ஏற்றது; பிடியாணைகளும் பிறந்தன. ஒருவரும் வரவில்லை. 2024 அக்டோபர் 25 நள்ளிரவோடு காலவரம்பு முடிந்தது. ஊழல் வழக்குகளில் மட்டும், 2018 சட்டப்படி, ஓடி ஒளிந்திருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. கொலைக்கு அந்த விதி இல்லை.